வார்ப் ரெக்கார்ட்ஸ்: எந்த ஆல்பத்தை எந்த வடிவில் வாங்கலாம்

மின்னிசைக்குப் பெயர்பெற்ற பிரிட்டன் இசை லேபிளான வார்ப் ரெக்கார்ட்ஸில் ஆல்பம் வாங்குமுன் வினைலா (இசைத்தட்டா), சிடியா, ஃபைலா என்று முடிவுசெய்துவிட வேண்டும். வினைலில் இருக்கும் டிராக் சில சமயம் சிடியில் இருக்காது. சில வெளியீடுகள் ஃபைலாக மட்டுமே வந்தவை. வடிவத்தையும் இசையின் ஒரு பகுதியாகவே கையாள கலைஞர்களை விட்டதுதான் இந்த லேபிளின் பெரிய பலம்.

1989இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு ரெக்கார்ட் கடையை ஒட்டித் தொடங்கியது வார்ப். முதல் வெளியீடு ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ் குழுவுடையது, 500 பிரதிகள். அடுத்த ஆண்டே எல்எஃப்ஓ குழுவின் முதல் சிங்கிள் பிரிட்டன் தரவரிசையில் 12ஆம் இடம் பிடித்தது. அந்தக் காலத்து வெளியீடுகளைக் கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். மேலே ஓடும் பிளீப் சத்தம் மட்டும்தான் வரும். பாட்டைத் தாங்கும் பேஸ் (தாழ்ந்த ஒலி) வராது. காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோனாவது வேண்டும்.

அதிகம் குழப்புவது ஏஃபெக்ஸ் ட்வினின் ‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் வால்யூம் 2’ (1994). மூன்று தட்டு வினைலில் 25 டிராக்குகள். இரண்டு சிடியில் இடம் போதாததால் பிரிட்டன் பதிப்பில் 24, அமெரிக்கப் பதிப்பில் 23. இரண்டிலும் விடுபட்ட 19ஆவது டிராக் பத்து நிமிட நீளம், ஆல்பத்தின் மிக அழகான பகுதிகளில் ஒன்று. பழைய சிடி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அதை இழப்பீர்கள். 2024இல் வந்த விரிவாக்கப் பதிப்பில் அதுவும் உண்டு, கூடுதல் டிராக்குகளும் உண்டு. வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

ஒரே ஒரு டிராக்கைத் தவிர எதற்கும் இதில் பெயர் கிடையாது, படங்கள்தான். இணையத்தில் உலவும் பெயர்கள் ரசிகர்கள் அந்தப் படங்களைப் பார்த்து வைத்தவை. ஃபைலாக வாங்கினால் #1, #2 என்றுதான் இருக்கும். சில பிளேயர்கள் #10ஐ #2க்கு முன்னால் கொண்டுவந்து வரிசையைக் குலைக்கும். ஃபைலின் டேகில் (விவரக் குறிப்பில்) டிராக் எண்ணைத் தனியாக நிரப்பிவிட்டால் சரியாகும். இசை மிக மென்மையானது என்பதால் வினைலில் தூசியின் ஒவ்வொரு சொடுக்கும் கேட்கும். கார்பன் ஃபைபர் பிரஷ் இல்லாமல் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

போர்ட்ஸ் ஆஃப் கனடாவின் ‘ஜியோகாடி’யை (2002) வினைலில் வாங்குவதே நல்லது. ஐந்து பக்கங்களில் இசை. பக்கத்துக்குச் சுமார் 13 நிமிடமே என்பதால் பள்ளங்கள் நெருக்கமின்றி அகலமாக வெட்டப்பட முடிகிறது, பேஸ் திடமாக நிற்கிறது. ஆறாவது பக்கத்தில் ஒரு குடும்பத்தின் படத்தைப் பொறித்திருக்கிறார்கள். அதில் ஊசியை இறக்காதீர்கள். வழிகாட்டப் பள்ளமில்லாமல் ஊசி சறுக்கிக் கெடும். தானாக ஊசியை இறக்கும் டர்ன்டேபிள் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும்.

ஆட்டெக்கர் இன்னும் தொலைவு போனவர்கள். 1994இல் ‘திரும்பத் திரும்ப வரும் தாள’ இசை ஒலிக்கும் கூட்டங்களைக் கலைக்க பிரிட்டன் அரசு சட்டம் கொண்டுவந்தபோது, அதை எதிர்த்து ‘ஆன்டி’ என்ற இபியை (சில டிராக்குகள் மட்டுமே கொண்ட சிறு வெளியீட்டை) வெளியிட்டார்கள். அதில் ‘ஃப்ளட்டர்’ டிராக்கின் எந்த இரண்டு தாளச் சுற்றும் ஒன்றுபோல் இராது. டிஜேக்கள் ஒரு வழக்கறிஞரையும் இசை வல்லுநரையும் கூடவே வைத்திருக்கும்படி உறையிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அவர்களின் ‘எல்செக்’ (2016) ஃபைலாக மட்டுமே வெளியானது. 2018இன் ‘என்டிஎஸ் செஷன்ஸ்’ எட்டு மணி நேரம். சுருக்கப்படாத 16 பிட் வேவ் ஃபைல் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, மொத்தம் கிட்டத்தட்ட 5 ஜிபி. தரம் குறையாமல் சுருக்கும் வடிவமான எஃப்எல்ஏசி எடுத்தால் இடம் மிச்சம்.

ஃப்ளையிங் லோட்டஸின் ‘காஸ்மோகிராமா’வுக்கு (2010) எம்பி3 வேண்டவே வேண்டாம். குறுகிய டிராக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடுகின்றன. எம்பி3 என்கோடர் ஒவ்வொரு ஃபைலின் முன்னும் பின்னும் துளி மௌனத்தைச் சேர்க்கும். பிளேயர் அதை வெட்டாவிட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் இசை தடுக்கும். எஃப்எல்ஏசி வாங்கி, பிளேயரில் கேப்லெஸ் (டிராக்குகளை இடைவெளியின்றி இசைக்கும்) வசதியை ஆன் செய்யுங்கள்.

லேபிள் பெயரை மட்டும் நம்பி வாங்கும் பழக்கம் இங்கே செல்லாது. மாக்சிமோ பார்க், கிரிஸ்லி பேர் போன்ற கிட்டார் குழுக்களும் இதே பட்டியலில் உண்டு. மின்னிசைக்காகவே வருபவர்கள் வார்ப் தொடங்கிய இணையக் கடையான பிளீப்பில் மாதிரியைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது.