மாம்பழக் கையும் குளுக்கோமீட்டரும்: நாலு வருஷ அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். 46 வயதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 162 என்று வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்க் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர் ஒன்றை வீட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்துப் பட்டறை அண்ணன் வெந்தயம் என்றார், அத்தை பாகற்காய்ச் சாறு என்றார், மச்சான் அரிசியை விட்டுச் சாமைக்கு மாறச் சொன்னார். மாறினேன். சாமைதானே என்று தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தால் 231. அரிசிச் சோற்றுக்கும் ஏறக்குறைய அதேதான் வந்துகொண்டிருந்தது. அப்புறம் சாமையைப் பாதியாக்கி, அவரைக்காய்ப் பொரியலும் ஒரு முட்டையும் சேர்த்தேன், 174. டாக்டர் எனக்குச் சொன்ன அளவு 180-க்குள். சாப்பிட்டுவிட்டு உட்காராமல் தெருவில் இருபது நிமிடம் நடந்த நாட்களில் இன்னும் முப்பது வரை குறைந்தது. நடக்கும்போது கால் சதை சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஜவ்வரிசி உப்புமா பெரிய ஏமாற்றம். நம்ம ஊர்ச் சரக்கு, மரவள்ளிக்கிழங்கு மாவுதான் முழுக்க. விரத நாளில் லேசான சாப்பாடு என்று சாப்பிட்டால் 248. இரண்டு தட்டுவடைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட் ஒரு பிளேட்டோடு நிறுத்தினால் பிழைத்துக்கொள்கிறேன். இரண்டாவது பிளேட் கேட்கும் வாய்தான் எதிரி.

முதல் வருஷ மாம்பழ சீசனில் ஒரு கூத்து. வெறும் வயிற்றுக்குப் பார்க்க வேண்டிய காலை நேரம். பிள்ளைகளுக்கு மல்கோவா நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குத்தினேன். 347! எனக்கு வியர்த்துவிட்டது. வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, “என்னங்க, கை கழுவினீங்களா?” என்றாள். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வேறு விரலில் குத்தினால் 128. விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றையும் சேர்த்து அளந்திருக்கிறது. ஸ்பிரிட் தடவினாலும் போதாது, தண்ணீர்தான்.

மெஷின் விலை பெரிதில்லை. ஒவ்வொரு தடவையும் ரத்தச் சொட்டை வைக்கும் ஸ்ட்ரிப் வாங்கித்தான் காசு போகிறது. மே மாத வெயிலில் வண்டி டிக்கியில் ஒரு டப்பாவை மறந்து வைத்து, ஐம்பது ஸ்ட்ரிப்பும் வீண். 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டு முறை குத்தினால் 142, 151 என்று மாறுவதும் உண்டு. லேப் அளவிலிருந்து 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருப்பதை அனுமதிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அந்தக் குழப்பம் விட்டது. டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். காலைக் குளிரில் விரல் விறைத்துச் சொட்டு ரத்தம் வரவில்லை. டீ டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்த பிறகுதான் வந்தது.

குத்துவது இடது கை மோதிர விரலின் ஓரத்தில். நுனியின் நடுவில் குத்தினால் மறுநாள் கண்ணி கோக்கும்போது உயிர் போகும்.

ஒரு தப்பும் செய்தேன். தொடர்ந்து பத்து நாள் நல்ல எண் வந்ததும் நானாகவே மாத்திரையைப் பாதியாக்கினேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி மறுபடி ஏறி, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது 6.9; தொடங்கும்போது 8.4.

மச்சானும் போன மாதம் ஒரு மீட்டர் வாங்கிவிட்டார். சாமைச் சோறு சாப்பிட்டு 158-தான் என்று போனில் ஒரே பெருமை. எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். தட்டு நிறையவாம்.