ஓமானுக்கு ஜனவரியா, ஜூலையா?

எந்த மாதம் வரலாம் என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். தலைநகர் மஸ்கட்டுக்கா, தெற்குக் கோடியிலுள்ள சலாலாவுக்கா என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டுக்கும் இடையே சாலைவழி ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். கோடையில் இரண்டும் ஒரே நாட்டில் இருப்பதாக நம்புவதே கடினம்.

ஜூலையில் மஸ்கட்டில் குளிக்க வேண்டுமானால் ஹீட்டரை அணைத்துவிட்டுச் சுடுநீர்க் குழாயைத் திறக்க வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து நேரே வரும் தண்ணீர் கையைச் சுடும், ஏ.சி. வீட்டுக்குள் ஹீட்டரில் கிடந்த தண்ணீர்தான் ஆறியிருக்கும். வாசலைத் தாண்டினால் மூக்குக்கண்ணாடி வேர்த்துவிடும். இரவை நம்பியும் பயனில்லை. 2018 ஜூன் 26 அன்று, மஸ்கட்டை அடுத்த கடற்கரையோரக் குரியாத்தில் நாள் முழுக்க வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை.

அதே நாட்களில் சலாலாவில் தூறல். பகலிலேயே 30 டிகிரியைத் தொடுவது அபூர்வம். தென்மேற்குப் பருவக்காற்று கரையோரத்தின் மேல்நீரை ஒதுக்கித் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. அதன்மேல் தவழ்ந்து வரும் ஈரக்காற்று தோஃபார் மலையில் முட்டி மூடுபனியாக நின்றுவிடுகிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நீளும் இந்தப் பருவத்துக்குக் ‘கரீஃப்’ என்று பெயர். மலைக்கு அந்தப் பக்கம் பழைய பாலைதான். அங்கே சாம்பிராணி மரங்கள் வளர்கின்றன.

மழைக்கு ஏங்கும் வளைகுடா மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து நனைகிறார்கள். அதே காற்று தரும் குற்றாலச் சாரலில் நனைந்தவர்களுக்கு அவ்வளவு சிலிர்ப்பு இருக்காது என்பது என் எண்ணம். மலையேறிப் போனால் தெரிவது முன்னால் போகும் காரின் சிவப்பு விளக்கும், திடீரென்று சாலையில் முளைக்கும் ஒட்டகமும்தான். கடலில் கால் வைக்கவும் முடியாது, அலை அப்படி.

ஜனவரி சாதுவான மாதம். மஸ்கட்டில் பகல் 25 டிகிரி அளவில் இருக்கும்; ஜெபல் ஷம்ஸ் மலையில் இரவு சுழியத்துக்குக் கீழேயும் போகும். எப்போதாவது மழை பெய்தால் ‘வாதி’ எனப்படும் வறண்ட ஆற்றுப் படுகைகளில் வெள்ளம் பாயும். அங்கே மட்டும் கூடாரம் போடாதீர்கள். பெரியவர்களை அழைத்து வருவதென்றால் இந்த மாதமே சரி.

எனக்கு இரண்டும் வேண்டாம். செப்டம்பர் இறுதியில் சலாலா போதும். கரீஃபுக்கு அடுத்த பருவமான ‘சர்ப்’ தொடங்கும் நேரம். பனிமூட்டம் விலகியிருக்கும், பச்சை காய்ந்திருக்காது. ஜூலையில் மறைந்து கிடந்த மலையை அப்போதுதான் முழுதாகப் பார்க்கலாம். சாலையோரக் கடையில் இளநீர் வெட்டித் தருவார்கள். மஸ்கட்டில் ஹீட்டரைப் போட அப்போதும் நாள் இருக்கும்.