குதிகால் எழும்பலாமா? கோல்ஃபில் பழைய ஸ்விங்கும் புதிய ஸ்விங்கும்

கேரளத்தின் தமிழக எல்லையோரத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்களில் கோல்ஃப் ஆடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். செக்போஸ்ட் தாண்டி, கோவைக்குத் தெற்கே செட்டிபாளையம் போனால்தான் 18 குழி ஆட முடியும். ஆனால் அந்தக் கொஞ்சம் பேருக்குள்ளும் ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது. பந்தைச் சுத்தமாக அடிக்கப் பழைய ஸ்விங் (கிளப் என்கிற மட்டையை ஓங்கி வீசும் முறை) நல்லதா, இப்போது யூடியூபில் சொல்லித் தருகிற புதிய ஸ்விங் நல்லதா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் கிளப் பிடித்தவர்களுக்கு ஃபுல் ஸ்விங்கில் பழைய பாணிதான் ஒத்துவரும். பந்தில் கிளப் படுகிற அந்த நொடியைப் பற்றிய அறிவை மட்டும் புதியவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் அடையாளம் காண இடது குதிகாலைப் பார்த்தால் போதும். (வலது கைக்காரர்களை வைத்தே பேசுகிறேன்.) கிளப் பின்னால் போய் உச்சிக்கு ஏறும்போது அந்தக் குதிகால் புல்லை விட்டு எழும்பினால் பழைய பாணி. இடுப்பு தாராளமாகத் திரும்பும், இடது முட்டி உள்ளே மடங்கும், உடம்பின் எடை வலது காலுக்குப் போகும். குதிகால் தரையோடு ஒட்டியிருந்து, தோள் 90 டிகிரி திரும்பும்போது இடுப்பு 45 டிகிரியோடு நின்றுவிட்டால் அது புதிய பாணி.

பழையதற்கு ஒரு காரணம் இருந்தது. பாபி ஜோன்ஸ் 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரிய பட்டங்களையும் வென்றபோது அவர் கையில் இருந்தது ஹிக்கரி மரத் தண்டு. அது வளையும், முறுகும். அவசரப்பட்டு இழுத்தால் கிளப்பின் முகம் (பந்தில் படுகிற பக்கம்) எங்கேயோ திரும்பிக்கொள்ளும். அதனால் நீளமான, நிதானமான, இடுப்போடு சேர்ந்து திரும்புகிற ஸ்விங் தேவைப்பட்டது. எஃகுத் தண்டு 1920களிலேயே விதிகளுக்குள் வந்துவிட்டது. அதற்கேற்றபடி காலின் வேலையை முதலில் மாற்றிக்கொண்டவர் பைரன் நெல்சன். 1945இல் தொடர்ந்து 11 போட்டிகளை வென்றவர் அவர். அப்படியும் குதிகால் எழும்புவது நின்றுவிடவில்லை. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரான பிஜிஏ டூரில் 82 வெற்றி கண்ட சாம் ஸ்னீட், 18 மேஜர் (பெரிய பட்டம்) வென்ற ஜாக் நிக்லாஸ் இருவருக்கும் இடது குதிகால் எழும்பியது.

இடுப்பைவிடத் தோள் அதிகம் திரும்ப வேண்டும் என்று 1950களிலேயே பென் ஹோகன் வலியுறுத்தினார். அது ஒரு முறையாகப் பரவியது 1980களில்தான். இங்கிலாந்து வீரர் நிக் ஃபால்டோ தன் ஸ்விங்கைப் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் கொடுத்து இரண்டு ஆண்டு பிரித்துக் கட்டினார். 1987 பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாளில் 18 குழியிலும் பார் (அந்தந்தக் குழிக்குக் குறித்த அடி எண்ணிக்கை) எடுத்து வென்றார். வெற்றி அப்படி வந்தபிறகு யார்தான் கேட்பார்கள்? 1992இல் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன் தோளுக்கும் இடுப்புக்கும் உள்ள இடைவெளிக்கு 'எக்ஸ் ஃபேக்டர்' என்று பெயர் வைத்தார். அதிலிருந்து உலகமெங்கும் பயிற்சி ரேஞ்சுகளில் இடுப்பைப் பிடித்து நிறுத்தச் சொல்கிறார்கள்.

புதிய பாணியின் கணக்கு சரியானதுதான். ஈர வேட்டியைப் பிழியும்போது ஒரு முனையைக் கெட்டியாகப் பிடித்தால்தான் முறுக்கேறும். இடுப்பு நின்று தோள் திரும்பும்போது நடுவுடம்புத் தசைகள் அப்படி இழுபடுகின்றன, விடும்போது வேகம் பிறக்கிறது. இருபது வயதில், உடற்பயிற்சி செய்த உடம்பில், இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. தலை அதிகம் நகராது, உடம்பு ஒரே மையத்தில் சுழலும், கிளப் கீழே வரும் இடமும் நாளுக்கு நாள் மாறாது.

நம் பக்கத்தில் கோல்ஃபுக்கு வருகிறவர்கள் யார்? தென்னந்தோப்புக்காரர்கள், பேங்கில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள், கஞ்சிக்கோட்டில் தொழிற்சாலை நடத்துகிறவர்கள், தினம் பாலக்காட்டுக்கும் கோவைக்கும் கார் ஓட்டுகிறவர்கள். இவர்களிடம் இடுப்பைப் பூட்டு என்று சொன்னால் தோளும் கூடவே பூட்டிக்கொள்கிறது. முதுகின் நடுப்பகுதி அவ்வளவு திரும்பாது. திரும்பாத தோளுக்குப் பதிலாகக் கைகள் மேலே தூக்குகின்றன. தூக்கிய கை கீழே வரும்போது வெளியே பாய்ந்து உள்ளே வெட்டுகிறது. முகமும் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போகிறது. ஸ்லைஸ் என்று எல்லாரும் புலம்புவது பெரும்பாலும் இதைத்தான். அவர்களுக்கு ஸ்லைஸுக்கு மருந்தாகக் கிரிப்பை மாற்றச் சொல்கிறார்கள், கால் வைக்கும் இடத்தை மாற்றச் சொல்கிறார்கள். குதிகாலை விட்டுக்கொடுத்தாலே பாதி சரியாகிவிடும். குதிகால் எழும்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் தோள் முழுசாகத் திரும்பும், கைக்கு இறங்கிவர நேரமும் இடமும் கிடைக்கும்.

எங்கள் ஊரில் அறுபதைத் தாண்டிய தோப்புக்கார மாமா ஒருவருக்கு 7-அயர்னில் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்புக் கிளப்) பந்துக்குப் பின்னால் மண்ணை வெட்டும் வியாதி. குதிகால் எழும்பாமல் ஆட வேண்டும் என்று வீடியோவில் பார்த்துவிட்டு, எழும்புகிற காலை அடக்கி அடக்கி ஆடிக்கொண்டிருந்தார்.

"எந்திரிச்சாத் தப்புங்கறானே கண்ணு?"

"தப்பில்லீங் மாமா. எந்திரிக்கட்டும். ஆனா எந்த எடத்துல இருந்து எந்திரிச்சுதோ அதே எடத்துல வந்து எறங்கோணும். குதிகால் எறங்குனப்புறம்தான் கை எறங்கோணும்."

புல்லில் கோலப்பொடியால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். பந்து வைக்காமல், கோட்டின் மேல் பந்து இருப்பதாக நினைத்துக்கொண்டு ஸ்விங் செய்யச் சொன்னேன். குதிகாலை அடக்கி அடித்தபோது மண் பெயர்ந்த இடம் கோட்டுக்கு இரண்டு விரற்கடை பின்னால் இருந்தது. பொடி அப்படியே கலையாமல் கிடந்தது. பிறகு குதிகாலை விட்டுவிட்டு, இறங்கும்போது அதைத் தரையில் அழுத்தி மிதித்துவிட்டுத் திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் வெட்டு கோட்டைத் தொட்டுக்கொண்டு முன்பக்கம் போக ஆரம்பித்தது. பெயர்ந்த புல்துண்டின் பின்விளிம்பில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு பந்தை வைத்தோம்.

இந்தக் கோடுதான் இரண்டு பாணிக்கும் பொதுவான நீதிபதி. கிளப்பும் பந்தும் ஒட்டியிருப்பது ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் நிக்லாஸைப் படம் பிடித்தாலும் இன்றைய இளைஞரைப் படம் பிடித்தாலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எடை இடது காலில், இடுப்பு இலக்கை நோக்கித் திறந்திருக்கும், கைகள் பந்தைவிட முன்னே இருக்கும். அயர்னில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் கிளப் சுமார் 4 டிகிரி கீழ்நோக்கி வந்துதான் பந்தைத் தொடுகிறது. முதலில் பந்து, பிறகு மண். ஜிம் ஃபியூரிக்கின் ஸ்விங்கில் கிளப் மேலே போகும் வழி ஒன்று, இறங்கும் வழி இன்னொன்று. எந்தப் பயிற்சியாளரும் அதைச் சொல்லித் தர மாட்டார். 2016இல் அவர் 18 குழிகளையும் 58 அடியில் முடித்தார். நம் நாட்டில் எஸ்.எஸ்.பி. சௌராசியா ராயல் கல்கத்தா மைதானத்துப் புல் பராமரிப்பாளரின் மகன். அங்கேயே பார்த்துப் பழகிக்கொண்டு 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓப்பன் வென்றவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற பெங்களூரு சி. முனியப்பா கேடியாகப் பை சுமந்தவர். யாருடைய அச்சிலும் வார்த்தவர்கள் இல்லை இவர்கள்.

பழைய பாணிக்கு ஒரு பெரிய ஓட்டை உண்டு. உடம்பு வலப்பக்கம் திரும்புவதற்குப் பதில் வலப்பக்கம் நகர்ந்துவிடும். தலை சில அங்குலம் போய், திரும்பி வராமல் அங்கேயே தங்கிவிட்டால் மண்தான். வெட்ஜ், 9-அயர்ன் போன்ற குறுந்தூரக் கிளப்புகள், அரை ஸ்விங் இவற்றில் இந்த ஆபத்து எடுக்கவே தேவையில்லாதது. அங்கே வேகம் யாருக்கு வேண்டும்? அதனால் 100 யார்டுக்குள் வந்ததும் புதியவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன். குதிகால் தரையில், எடை தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் இடது காலில், தலை ஆடாமல். 2007 வாக்கில் மைக் பென்னெட்டும் ஆண்டி பிளம்மரும் கொண்டுவந்த 'ஸ்டாக் அண்ட் டில்ட்' இந்த எடையை எல்லா ஷாட்டுக்கும் இடது காலிலேயே வைக்கச் சொல்கிறது. எல்லா ஷாட்டுக்கும் எனக்கு அது பிடிக்காது, நெடுந்தூரம் அடிக்கிற டிரைவரில் பந்தைக் கீழ்நோக்கி அடிக்க வைத்துவிடும். வெட்ஜுக்கு மட்டும் அருமையான பாடம்.

பழையவர்கள் முழுக்கத் தோற்கும் இடம் ஒன்று இருக்கிறது, இதில் சமரசமே கிடையாது. பந்து கிளம்பும் திசை கிளப் போகும் பாதையைப் பொறுத்தது, வளைவு முகத்தைப் பொறுத்தது என்று பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள். டிராக்மேன் போன்ற ரேடார் கருவிகள் வந்து அதைத் தலைகீழாக்கின. முகத்தின் நடுவில் பட்டால், பந்து கிளம்பும் திசையில் அயர்னில் முக்கால் பங்கு, டிரைவரில் 85 சதவீதம் வரை முகத்தின் தீர்மானம். பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவு. பழைய சொல்லை நம்பி முகத்தை இலக்குக்கு வைத்து, பாதையை வலப்பக்கம் விட்டு டிரா (வலமிருந்து இடமாக வளைகிற அடி) அடிக்கப் பார்ப்பவர்களின் பந்து ஏன் எப்போதும் இலக்கைத் தாண்டி இடப்பக்கம் விழுகிறது என்பதற்கு இதுதான் விடை. முகத்தை இலக்குக்குக் கொஞ்சம் வலமாகவும், பாதையை அதைவிட வலமாகவும் வைக்க வேண்டும். குதிகாலைத் தூக்குகிறவரானாலும் தூக்காதவரானாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்று காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கிற பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வீசுகிற காற்று நமக்குப் பழக்கம்தான். கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலை சுழல்வது அதனால்தான். 1960, 70களின் பாணியில் கால்களை முன்னால் ஓட்டி, முதுகைப் பின்னால் வளைத்து முடிக்கிற ஸ்விங், பந்தை உயரத் தூக்கிப் போடும். நம் ஆடிக் காற்றில் அந்தப் பந்து நேரே மேலே ஏறி, நின்று, பின்வாங்கும். இன்னும் பலமாக அடித்தால் ஸ்பின் கூடி இன்னும் மேலே ஏறும். இங்கே புதியவர்களின் முக்கால் ஸ்விங்தான் வழி. ஒரு படி கூடுதல் தூரம் போகிற கிளப்பை எடுத்து, பந்தைக் கொஞ்சம் பின்னால் வைத்து, கைகளை முன்னால் வைத்தபடி முடிவையும் சுருக்க வேண்டும். அந்த வளைந்த முடிவு இடுப்புக்கு மேல் முதுகெலும்பையும் வாட்டும். ஆகவே பழைய பாணி என்று நான் பரிந்துரைப்பது ஜோன்ஸும் ஸ்னீடும் ஆடியதை. முடிவில் நெஞ்சு இலக்கைப் பார்த்து, உடம்பு இடது காலின் மேல் நேராக நிற்க வேண்டும்.

மூணாறில் ஹை ரேஞ்ச் கிளப்பின் 9 குழி மைதானம் போன்ற மலைச் சரிவுகளில் வேறு விதி. பந்து காலைவிட மேலேயோ கீழேயோ இருக்கும்போது குதிகாலைத் தூக்கினால் நிலை தடுமாறும். அங்கே தரையோடு ஒட்டி, முக்கால் வேகம். 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்து எப்படியும் 5 சதவீதம் கூடப் போகும், பலம் தேவைப்படாது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்னீட் 1965இல் பிஜிஏ டூர் போட்டி ஒன்றை வென்றபோது அவருக்கு 52 வயது. நிக்லாஸ் 1986 மாஸ்டர்ஸை 46 வயதில் வென்றார். இடுப்பையும் குதிகாலையும் விட்டுக்கொடுத்து ஆடியவர்கள் அவ்வளவு காலம் ஆடினார்கள் என்பதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை. முதுகு திரும்ப வேண்டிய சுமையில் ஒரு பங்கை இடுப்பும் காலும் வாங்கிக்கொண்டன.

நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிய வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நாற்காலியில் முட்டிகள் ஒட்டி உட்கார்ந்து, ஒரு கம்பை இரு தோளுக்கும் குறுக்கே மார்போடு அணைத்துக்கொண்டு, இடுப்பு அசையாமல் வலப்பக்கமும் இடப்பக்கமும் திரும்புங்கள். வீட்டில் யாரையாவது எதிரே நின்று பார்க்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் கம்பு 45 டிகிரியைத் தாண்டினால், குதிகாலை ஊன்றிப் புதிய பாணியில் தாராளமாக ஆடுங்கள். தாண்டவில்லை என்றால் குதிகால் எழும்பட்டும். ஒரு பக்கம் நன்றாகத் திரும்பி மறுபக்கம் பிடித்துக்கொண்டால், ஸ்விங்கைத் தொடும் முன் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் போய்ப் பாருங்கள்.