மாநிலத்துக்கு மன்னரின் ஆள்: கனடா முறையா, ஆஸ்திரேலியா முறையா?

ஆளுநர் என்றதும் சென்னைவாசிக்கு முதலில் கிண்டி நினைவுக்கு வரும். அடுத்த நொடி, கையெழுத்துக்காகக் காத்துக் கிடந்த மசோதாக்கள் நினைவுக்கு வரும். நம் ஊரில் இது மத்திய அரசு, மாநில அரசுச் சண்டையாகவே பேசப்படுவதால், இந்தப் பதவி மன்னராட்சியின் மிச்சம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. மயிலாப்பூரில் நாங்கள் சிலர் கூடும் வாசகர் வட்டத்தில், இன்றும் மன்னரைத் தலைவராக வைத்திருக்கும் இரண்டு கூட்டாட்சி நாடுகளை எடுத்துக்கொண்டு விவாதிப்பது என்று முடிவானது. மாநில அளவில் மன்னரின் பிரதிநிதியை வைத்துக்கொள்வதில் எந்த நாட்டு முறை மேல், கனடாவா, ஆஸ்திரேலியாவா? ஆளுக்கொரு பக்கம் எடுக்க வேண்டும். நான் ஆஸ்திரேலியாவை எடுத்தேன். விவாதம் முடிந்த பிறகும் அதே பக்கத்தில்தான் இருக்கிறேன், ஆகவே கீழே வருவதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். இரு நாடுகளுக்கும் மன்னர் மூன்றாம் சார்லஸ்தான். கனடாவின் 10 மாகாணங்களுக்கும் ஒவ்வொரு லெப்டினன்ட் கவர்னர், ஆஸ்திரேலியாவின் 6 மாநிலங்களுக்கும் ஒவ்வொரு கவர்னர். (புதுச்சேரிக்காரர்கள் அறிந்த துணைநிலை ஆளுநரோடு கனடாக்காரரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இவர் முழு மாகாணத்தின் தலைவர்.) சட்டமன்றத்தைத் திறந்துவைப்பது, மசோதாவில் கையெழுத்திடுவது, பதவிப் பிரமாணம் செய்து வைப்பது, விருது கொடுப்பது எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றே. அன்றாட வேலைகளில் அமைச்சரவை சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். யாரை ஆட்சி அமைக்க அழைப்பது, தோற்ற முதல்வர் கேட்டால் சபையைக் கலைப்பதா, மிக அரிதாக ஒரு முதல்வரை நீக்குவதா ஆகியவற்றில் மட்டும் சொந்த முடிவுக்கு இடமுண்டு. மாளிகை, தோட்டம், வரவேற்பு விருந்து பற்றியெல்லாம் பேசிப் பயனில்லை.

வேறுபாடு ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: இந்த மனிதரைத் தேர்ந்தெடுப்பது யார்?

கனடாவில் 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி, மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னரை நியமிப்பது ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசு. சம்பளமும் அங்கிருந்தே வருகிறது. மாகாண முதல்வரைக் கேட்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 1986ஆம் ஆண்டின் ஆஸ்திரேலியா சட்டத்துக்குப் பிறகு, மாநில முதல்வர் நேரடியாக மன்னருக்கு ஆலோசனை சொல்கிறார், மன்னர் நியமிக்கிறார். நடுவில் கான்பெராவில் உள்ள மத்திய அரசு வருவதே இல்லை. பிரதமர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விக்டோரியாவின் கவர்னர் விக்டோரியா முதல்வர் பரிந்துரைத்தவர்தான். அதற்கு முன்புவரை மாநில கவர்னர்கள் விஷயத்தில் லண்டன் அமைச்சர்களின் கை இருந்தது. அந்தக் கயிற்றை 1986இல் அறுத்தபோது அதைக் கான்பெராவிடம் கொடுக்காமல் மாநிலங்களின் கையிலேயே கொடுத்தார்கள். எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இது.

மாமியார் வீட்டிலிருந்து அனுப்பிவைத்த சமையல்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சாம்பாரில் உப்பு கூடினால்கூடச் செய்தி எங்கே போகும் என்பது மருமகளுக்குத் தெரியும். கனடாவின் முதல் நூறு ஆண்டுகள் கிட்டத்தட்ட அப்படித்தான் ஓடின.

கியூபெக்கில் 1878 மார்ச்சில் லெப்டினன்ட் கவர்னர் லெட்டெலியே, சட்டமன்றத்தில் பெரும்பான்மை வைத்திருந்த கன்சர்வேட்டிவ் முதல்வர் புஷெர்வில்லை நீக்கினார். லெட்டெலியேயை நியமித்தது ஒட்டாவாவின் லிபரல் அரசு. அந்த ஆண்டிலேயே மத்தியில் கன்சர்வேட்டிவ் தலைவர் ஜான் மக்டொனால்ட் ஆட்சியைப் பிடித்தார். 1879 ஜூலையில் லெட்டெலியேயின் பதவி பறிபோனது. மத்தியில் ஆட்சி மாறியதும் மாநிலத்தில் ஆளுநர் மாறுவது என்ற காட்சியை நாம் டெல்லியில் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருந்தால், அதற்கு ஒரு நூற்றாண்டு மூத்த அண்ணன் கியூபெக்கில் இருக்கிறான்.

மசோதாக்களின் கதை இன்னும் நெருக்கமானது. மாகாண சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் கையெழுத்திடாமல் மத்திய அரசின் முடிவுக்கு ஒதுக்கிவைக்கும் அதிகாரம் கனடாவின் லெப்டினன்ட் கவர்னருக்கு உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 200, 201ஆம் பிரிவுகளைப் படித்தவர்களுக்கு இது எங்கோ கேட்டதுபோல் இருக்கும். கனடாவில் இப்படி ஒதுக்கப்பட்ட மாகாண மசோதாக்கள் 70. இதைத் தவிர, நிறைவேறிச் சட்டமாகிவிட்டதையே ஒட்டாவா நேரடியாக ரத்து செய்தது 112 முறை. 1937இல் ஆல்பர்ட்டாவில் ஜான் போவன் மூன்று மசோதாக்களை ஒதுக்கினார். இரண்டு வங்கிகளைப் பற்றியவை, ஒன்று பத்திரிகைகளை அடக்குவதற்கானது. முதல்வர் ஏபர்ஹார்ட்டின் அரசு அடுத்த ஆண்டு என்ன செய்தது தெரியுமா? போவன் குடியிருந்த அரசு மாளிகையையே மூடிவிட்டது. கவர்னர் பெட்டி படுக்கையோடு வெளியேற வேண்டியதாயிற்று. நம் ஊர் அரசியல்வாதிகளுக்குக்கூட இந்த யோசனை தோன்றவில்லை.

போவனின் பக்கமும் நியாயம் இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மூன்று மசோதாக்களும் மாகாண அதிகாரத்துக்கு அப்பாற்பட்டவை என்று 1938இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் என் வாதத்துக்கு அதுவே பலம். தவறான சட்டத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் இருக்கிறது; அந்த வேலைக்கு மாளிகையில் ஒருவர் தேவையில்லை.

கடைசியாக 1961இல் சஸ்காட்செவனில் ஃபிராங்க் பாஸ்டேடோ ஒரு மசோதாவை ஒதுக்கினார். பிரதமர் டீஃபன்பேக்கருக்கே அது முன்கூட்டித் தெரியாது. சங்கடப்பட்டுப்போன மத்திய அரசு சில வாரங்களில் ஒப்புதல் கொடுத்து முடித்துவைத்தது. அதன் பிறகு இன்றுவரை யாரும் அந்தக் கருவியைத் தொடவில்லை. ஆனால் அது சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கவும் இல்லை.

இங்கேதான் என் நண்பர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கனடாவுக்காகப் பேசியவர், என்னை மடக்கினார். "இன்றைய கனடாவைப் பாருங்கள் சார், 1878ஐ ஏன் தோண்டுகிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்வி. 2017இல் பிரிட்டிஷ் கொலம்பியா தேர்தலில் லிபரல்களுக்கு 43, புதிய ஜனநாயகக் கட்சிக்கு 41, பசுமைக் கட்சிக்கு 3 என்று முடிவு வந்தது. நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்ற முதல்வர் கிறிஸ்டி கிளார்க் சபையைக் கலைக்கச் சொன்னார். லெப்டினன்ட் கவர்னர் ஜூடித் கிஷான் மறுத்துவிட்டு, எதிர்க்கட்சித் தலைவர் ஜான் ஹோர்கனை அழைத்தார். ஒட்டாவாவின் நிழல்கூட அதில் விழவில்லை. பாடநூலில் போடத் தகுந்த நடத்தை. நவீனக் கனடாவில் மத்திய அரசு நியமித்தவர்கள் மத்திய அரசின் ஆட்களாக நடந்துகொள்வதில்லை என்பது உண்மைதான்.

ஆனால் அந்த ஒழுக்கம் சட்டத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. பழக்கத்தைக் கப்பலேற்றி இன்னொரு நாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதற்கு நாமே சாட்சி. நம் அரசியல் சட்ட வரைவில் முதலில் ஆளுநரைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுப்பது என்றுதான் இருந்தது. பிரிவினையின் காயம் ஆறாத 1949இல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரும் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வரும் மோதிக்கொள்வார்கள், மாநிலங்கள் தனிவழி போகும் என்ற அச்சத்தில் அரசியல் நிர்ணய சபை அதை மாற்றி, மத்தியிலிருந்து நியமிக்கும் கனடா முறைக்குப் போனது. சட்டத்தின் எழுத்து இங்கே வந்து சேர்ந்தது.

அதன் பலனைச் சென்னை அளவுக்கு அனுபவித்த நகரங்கள் குறைவு. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்கவும் அழைத்தார். (அதே ராஜாஜி 1948 முதல் 1950 வரை இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக, அதாவது ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பிரதிநிதியாக இருந்தவர். பதவியின் இரு முனைகளையும் பார்த்த ஒரே தமிழர் அவர்தான்.) 1976இல் கருணாநிதி ஆட்சி, 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சி, 1991இல் மறுபடி கருணாநிதி ஆட்சி கலைக்கப்பட்டன. 1991இல் ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைப்புக்கான அறிக்கை தர மறுத்தார். அறிக்கை இல்லாமலேயே கலைத்தார்கள், அவரைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் விலகினார். மத்திய அரசு நியமிக்கும் முறையில் நேர்மையான ஆளுநருக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கியூபெக்கிலும் இல்லை.

அண்மைக் கதை எல்லோருக்கும் தெரியும். 2023 நவம்பரில் ஆளுநர் திருப்பியனுப்பிய 10 மசோதாக்களைச் சட்டப்பேரவை மீண்டும் நிறைவேற்றியது. அவை குடியரசுத் தலைவருக்குப் போயின. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகக் கருதப்படும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்படும் ஒப்புதல் என்றும் ஒன்று கிடையாது என்று கருத்துச் சொன்னது. ஆஸ்திரேலியாவில் இந்த வழக்கு பிறந்திருக்கவே முடியாது. மாநில மசோதாவை மேலிடத்துக்கு ஒதுக்கிவைக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இனிச் செல்லாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு முடித்துவிட்டது. மாநிலச் சட்டத்தை மன்னர் ரத்து செய்யும் வழியை 8ஆம் பிரிவு அடைத்துவிட்டது. மசோதா போய் ஒளிந்துகொள்ள மாடியே இல்லாத வீடு அது.

சரி, முதல்வரே ஆளைத் தேர்ந்தெடுத்தால் அவர் முதல்வரின் கைப்பாவை ஆகிவிட மாட்டாரா? இந்தக் கேள்வியை வட்டத்தில் எல்லோரும் கேட்டார்கள். குவின்ஸ்லாந்தில் 1987 நவம்பரில், ஊழல் விசாரணையால் ஆடிப்போயிருந்த முதல்வர் பியெல்கே பீட்டர்சன், தன் அமைச்சர்களைக் கூண்டோடு மாற்றிப் பிழைக்கப் பார்த்தார். அவர் ஆட்சிக்காலத்தில் பதவிக்கு வந்த கவர்னர் வால்டர் கேம்ப்பெல் அதற்கு இணங்கவில்லை. மூன்று அமைச்சர்களை நீக்குவதோடு நிறுத்திக்கொண்டு, கட்சியே தன் தலைவரை மாற்றட்டும் என்று பொறுமையாக இருந்தார். கட்சி மாற்றியது; டிசம்பர் 1 அன்று முதல்வர் விலகினார். டாஸ்மேனியாவில் முதல்வர் ராபின் கிரே காலத்தில் நியமிக்கப்பட்ட ஃபிலிப் பென்னட், 1989இல் கிரே சபையின் நம்பிக்கையை இழந்ததும் மறுதேர்தலுக்குப் போகாமல் எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் ஃபீல்டை அழைத்தார்.

இரண்டு சம்பவங்களும் நல்ல சம்பவங்கள். ஆனால் இரண்டுதான் என்பதையும், இந்த முறைக்கு வயது நாற்பதுதான் என்பதையும் மறைக்கக் கூடாது. பதவியை விட மறுத்து, கவர்னரையே மாற்றிவிடத் துணியும் ஒரு முதல்வரை ஆஸ்திரேலிய மாநிலங்கள் 1986க்குப் பிறகு சந்திக்கவில்லை. மத்தியில் அதன் அபாயத்தை 1975இல் பார்த்தார்கள். கவர்னர் ஜெனரல் ஜான் கெர், தன்னை நியமிக்கப் பரிந்துரைத்த பிரதமர் விட்லமையே நவம்பர் 11 அன்று நீக்கினார். முன்னெச்சரிக்கை கொடுக்கவில்லை; கொடுத்தால் விட்லம் அரண்மனைக்குச் சொல்லித் தன்னை முதலில் நீக்கிவிடுவார் என்ற பயம். யார் யாரை முந்துவது என்ற ஓட்டப் பந்தயமாக அரசியல் சட்டம் மாறிய நாள் அது. ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் சறுக்கல் உண்டு: டாஸ்மேனியா முதல்வர் 2003இல் கொண்டுவந்த ரிச்சர்ட் பட்லர், ஓராண்டுக்குள் சர்ச்சையில் சிக்கி 6,50,000 டாலர் வாங்கிக்கொண்டு விலகினார்.

ஆகவே நீக்கம் என்ற ஒரு விஷயத்தில் கனடாவிடம் தோற்கிறேன். லெப்டினன்ட் கவர்னரை ஐந்து ஆண்டுகளுக்குள் நீக்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். அதை ஒரு மாதத்துக்குள் அவருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நாடாளுமன்றம் கூடியிருந்தால் ஒரு வாரத்துக்குள் அங்கும் தெரிவிக்க வேண்டும் என்று அவர்களுடைய 59ஆம் பிரிவு சொல்கிறது. லெட்டெலியேயை அது காப்பாற்றவில்லை என்றாலும், காரணத்தை ஊரறியச் சொல்ல வைத்தது. குடியரசுத் தலைவரின் விருப்பம் உள்ளவரை என்று சொல்லும் நம் 156ஆம் பிரிவில் அதுகூட இல்லை. ஆஸ்திரேலிய நியமனம், கனடாவின் நீக்க விதி, இரண்டையும் சேர்த்துக் கேட்டால் கிடைக்கும் என்றால் அதைத்தான் கேட்பேன்.

தமிழ்நாடு இதற்குப் பக்கத்தில் ஒருமுறை வந்தது. 1969இல் அமைக்கப்பட்ட ராஜமன்னார் குழு 1971இல் தந்த அறிக்கையில், மாநில அமைச்சரவையைக் கலந்தே ஆளுநரை நியமிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆஸ்திரேலியா சட்டத்துக்குப் பதினைந்து ஆண்டுகள் முந்திய யோசனை. ஆனால் அங்கே எளிதாக நடந்தது இங்கே நடக்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஆஸ்திரேலிய மன்னர், மாநில விஷயத்தில் முதல்வர் சொல்வதை மட்டும் கேட்க முடியும். கான்பெராவின் அமைச்சரவை அவருக்குக் குறுக்கே நிற்பதில்லை. நம் குடியரசுத் தலைவரோ 74ஆம் பிரிவின்படி மத்திய அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர். சென்னையிலிருந்து போகும் பரிந்துரை டெல்லியின் மேசை வழியாகத்தான் அவரிடம் போக முடியும். அதை மாற்ற 155ஆம் பிரிவைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல்கூடத் தேவையில்லை, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரித்தால் போதும். நியமிக்கும் அதிகாரத்தை இழக்கப்போகிறவர்கள்தான் அதற்குக் கையைத் தூக்க வேண்டும்.