பாடத்திட்டத்தில் எதற்கு இடம்: மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

பள்ளியில் எதைக் கற்பிப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க அமர்பவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைப் பற்றிக்கொள்கிறார்கள். அறிவுத்துறைகள் இதுவரை நிறுவியவற்றை வரிசைப்படுத்தித் தருவது முதல் வழி. உள்ளடக்கத்தைக் குறைத்து, சிந்திக்கும் திறனையும் தேடிக் கண்டறியும் திறனையும் வளர்ப்பது இரண்டாவது. சர்ச்சைக்குரியவற்றில் எல்லாத் தரப்புக்கும் சம இடம் தருவது மூன்றாவது.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். நியாயம்போல் தோன்றும் இவ்வழி, விழுமியம் பற்றிய கருத்து வேறுபாட்டையும் உண்மை பற்றிய வேறுபாட்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது. மரண தண்டனை தேவையா என்பதை வகுப்பில் இருபுறமும் நின்று விவாதிக்கலாம். உயிரினங்கள் பரிணமித்தனவா என்பது அப்படியல்ல. அமெரிக்காவின் டோவர் நகரில் ஒரு பள்ளி வாரியம் பரிணாமக் கொள்கைக்கு மாற்றாக உயிரினங்களை ஓர் அறிவுள்ள ஆற்றல் திட்டமிட்டு வடிவமைத்தது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பை’ உயிரியல் வகுப்பில் முன்வைத்தபோது, அது அறிவியல் அல்ல என்று 2005-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாரியத்தில் கை தூக்கியவர்களின் எண்ணிக்கை ஒரு கூற்றுக்குச் சான்றாகிவிடாது.

இரண்டாவது வழிக்கு இன்று ஆதரவு மிகுதி. தகவல் விரல்நுனியில் கிடைக்கும்போது மனப்பாடம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் திறன் என்பது பொருளை விட்டுத் தனியே நிற்பதில்லை. 1988-இல் ரெக்ட், லெஸ்லி ஆகிய ஆய்வாளர்கள், பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பத்தியை மாணவர்களிடம் படிக்கக் கொடுத்து, படித்ததை மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்திக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் தேர்ந்தவர்களானாலும் ஆட்டம் தெரியாதவர்களைவிட, வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டத்தை அறிந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். வாசிப்புத் திறன் என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பகுதி முன்னறிவுதான் என்பது இதிலிருந்து தெரிகிறது. இந்த முன்னறிவை வீட்டிலேயே பெறும் பிள்ளைக்குத் திறன்சார் பாடத்திட்டத்தால் பெரிய நட்டமில்லை. பெறாத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு கதி இல்லை. சமத்துவத்தின் பெயரால் உள்ளடக்கத்தைக் குறைக்கச் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே முதல் வழியே என் தேர்வு. அதன் மீதான வலுவான ஆட்சேபம், உண்மைகள் மாறுகின்றன என்பது. மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்று 1923-இல் உயிரியலாளர் பெயின்டர் வெளியிட்ட எண்ணிக்கை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்களில் நிலைத்திருந்தது. உயிரணுவை நீர்த்த கரைசலில் உப்பவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த குரோமோசோம்களைப் பிரித்துப் பார்க்கும் முறை கைகூடிய பின், 1956-இல் ஆய்வாளர்கள் ஜியோவும் லெவானும் அவை 46 மட்டுமே என்று காட்டினார்கள். இந்த ஆட்சேபம் துறைசார் அறிவைக் கைவிடச் சொல்லவில்லை, அதைக் கற்பிக்கும் விதத்தைத் திருத்தவே சொல்கிறது என்பது என் வாசிப்பு. 46 என்பதைச் சொல்ல ஒரு வரி போதும்; 48 ஏன் நிலைத்தது, எதனால் விழுந்தது என்று விளக்க ஒரு பாடவேளை வேண்டும், அந்த நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். இரண்டாவது வழிக்காரர்கள் விரும்பும் ஐயப்படும் திறனும் இத்தகைய பாடத்தில்தான் பிடிமானத்தோடு வளரும்.

அந்த நேரத்துக்கு எங்கே போவது என்பதே முதல் வழியின் உண்மையான இடர்ப்பாடு. பாடத்திட்டக் குழுவில் எந்தத் துறையினரும் தம் பகுதியைத் தாமாக விட்டுக்கொடுப்பதில்லை. பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகிறது. நீக்குவதற்கு நான் முன்வைக்கும் அளவுகோல், ஒரு பகுதியை எடுத்துவிட்டால் பின்னால் வரும் எந்தப் பாடம் புரியாமல் போகும் என்பதே. பின்னங்களை எடுத்தால் இயற்கணிதம் நின்றுவிடும். 2006-இல் புளூட்டோ கோள்களின் வரிசையிலிருந்து நீங்கியபோது, பிற்பாடு வரும் எந்தப் பாடமும் அதனால் தடைப்படவில்லை.