லண்டனா, மியூனிக்கா? எம்.எஸ். போகுமுன் மாதவாரியாகப் போட வேண்டிய கணக்கு

லண்டன் மாணவர் விசாவுக்கு ஏறக்குறைய 52 லட்சம் ரூபாய் வங்கியில் 28 நாள் ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். மியூனிக்கில் கட்டணம் வாங்காத பல்கலைக்கழகம் என்றால் பன்னிரண்டரை லட்சம் காட்டினால் விசா கிடைக்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்தே பல வீடுகளில் முடிவு எடுத்துவிடுகிறார்கள். மொத்தச் செலவை மட்டும் ஒப்பிட்டால் இரண்டு ஊரும் ஏமாற்றும். எந்த மாதத்தில் எவ்வளவு கையில் இருக்க வேண்டும், எந்தத் தாள் எந்தத் தாளுக்காகக் காத்திருக்கிறது என்று பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இங்கே பவுண்டு 120 ரூபாய், யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்குக் கணினி, பொறியியல் படிப்புகள்.

லண்டன் எம்.எஸ்சி. ஓராண்டு. பெயர்பெற்ற கல்லூரிகளில் இந்திய மாணவருக்கு 35,000 பவுண்டு என்பது நடுத்தரமான கட்டணம். 40,000-ஐத் தாண்டும் படிப்புகளும் உண்டு. வாழ்க்கைச் செலவு மாதம் 1,500 என்றால் 18,000. விசா 524 (2025 ஏப்ரல் நிலவரம்), மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் 1,164. இந்தக் கடைசித் தொகை பலருக்குப் புரிவதில்லை. ஆண்டுக்கு 776தான், ஆனால் ஓராண்டுப் படிப்புக்கு விசா ஏறக்குறைய 16, 17 மாதத்துக்குத் தரப்படுவதால் ஒன்றரை ஆண்டுக்கு வசூலிக்கிறார்கள். ஆக மொத்தம் 54,700 பவுண்டு அளவில், அதாவது 65 லட்சத்துக்குச் சற்று மேல்.

மியூனிக் இரண்டாண்டு. ‘ஜெர்மனியில் படிப்பு இலவசம்’ என்ற பேச்சு இந்த ஊரில் பாதிதான் உண்மை. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (நம் பிள்ளைகள் வாயில் ‘டம்’) 2024-25 குளிர்காலப் பருவம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் முதுகலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. நான்கு பருவத்துக்கு 24,000 என்று வைத்து, மாதம் 1,200 வீதம் 24 மாதச் செலவையும் சேர்த்தால் 52,800 யூரோ, சுமார் 55 லட்சம். அதே ஊரில் இருக்கும் எல்.எம்.யு. (லுட்விக் மாக்சிமிலியான்) பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு நூறு யூரோவுக்கும் குறைவான பங்களிப்பு மட்டும். அங்கே மொத்தம் 30 லட்சத்தை ஒட்டி நிற்கும். ஒரே நகரத்துக்குள் 25 லட்சம் வித்தியாசம்! ஊரைத் தேர்ந்தெடுக்குமுன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பிரிட்டன் கேட்பது இரண்டு: முதலாண்டுக் கட்டணத்தில் இன்னும் கட்டாத தொகை, கூடவே லண்டனுக்கு மாதம் 1,529 வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,761 பவுண்டு (2025 நவம்பர் 11 முதல்). 5,000 முன்பணம் கட்டியிருந்தால் மீதி 30,000-உம் இதுவும் சேர்ந்து 43,761. இங்கேதான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். பணம் பொதுவாக மாணவர் பெயரிலோ அப்பா, அம்மா அல்லது சட்டப்படியான பாதுகாவலர் பெயரிலோதான் இருக்கலாம். பெற்றோர் கணக்கு என்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் வேண்டும். சித்தப்பா, மாமா, தாத்தா கணக்கு செல்லாது. பி.எஃப்., பங்குகள், நகை, நிலப் பத்திரம் எதுவும் செல்லாது. 28 நாளில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அந்த 28-ஆவது நாள், விண்ணப்பிக்கும் தேதிக்கு 31 நாளுக்குள் இருக்க வேண்டும். ரூபாய்க் கணக்கை விண்ணப்ப நாளின் மாற்று விகிதத்தில் பவுண்டாக்கிப் பார்ப்பார்கள் என்பதால், கணக்குக்குச் சரியாக வைக்காமல் இரண்டு மூன்று லட்சம் கூடுதலாக விட்டுவையுங்கள். கல்விக் கடன் என்றால் வங்கியின் முறையான கடன் கடிதமே போதும். 28 நாள் விதி அதற்குக் கிடையாது. கடன் வழியாகப் பணம் அனுப்பினால் 10 லட்சத்துக்கு மேல் வங்கி முன்கூட்டியே பிடிக்கும் டி.சி.எஸ். வரித் தொல்லையும் இல்லை.

ஜெர்மனியின் முறை முடக்கக் கணக்கு, அதாவது ‘ஷ்பெர்கோன்டோ’. ஆண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். அங்கே போனபின் மாதம் 992 மட்டுமே வெளியே வரும். எளிமையாகத் தெரிகிறது. பொறி வேறு இடத்தில் இருக்கிறது. முதல் மாதத்தில் வீட்டு முன்பணம், வாடகை, காப்பீடு, போர்வை, பாத்திரம் என்று 2,500 யூரோ போய்விடும். கணக்கு 992-க்கு மேல் ஒரு காசு விடாது. முடக்காத பணமாக 2,000 முதல் 2,500 யூரோ தனியாகக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது பொறி ஓராண்டு கழித்து: தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது அடுத்த ஆண்டுக்கான பணத்தை மறுபடி காட்ட வேண்டும், அல்லது சம்பளச் சீட்டைக் காட்ட வேண்டும். கடன் வாங்கும்போதே இரண்டாம் ஆண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

தாள் வேலையில் மியூனிக் நீளமானது, லண்டன் குறுகியது. ஜெர்மனிக்கு முதலில் நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், 2022 நவம்பர் முதல் இந்தியர்களுக்குக் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். அதற்குப் பல வாரம் ஆகும். ‘டம்’மில் குளிர்காலப் பருவத்துக்குப் பெரும்பாலான படிப்புகளின் கடைசித் தேதி மே 31. அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே ஏ.பி.எஸ்.ஸுக்கு அனுப்பிவிடுவது நல்லது. மதிப்பெண் மாற்றத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஜெர்மன் மதிப்பெண் = 1 + 3 × (உச்சம் − உங்களுடையது) ÷ (உச்சம் − தேர்ச்சிக்கான குறைந்தபட்சம்). பத்துக்கு 8.0 வாங்கியவருக்குத் தேர்ச்சி 5 என்றால் 2.2, தேர்ச்சி 4 என்றால் 2.0. சேர்க்கை விளிம்பில் இந்த 0.2 பெரிய விஷயம். எனவே குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளி எது என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை வாங்கி இணையுங்கள். லண்டனுக்கு இந்த வேலையெல்லாம் இல்லை: சேர்க்கை எண், காசநோய்ச் சோதனைச் சான்று (ஆறு மாதம் செல்லும்), பணச் சான்று. சில பொறியியல், இயற்பியல் படிப்புகளுக்கு ‘ஏட்டாஸ்’ பாதுகாப்பு அனுமதி வேண்டும். அது வரும்வரை விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால் இடம் கிடைத்த வாரமே போட்டுவிடுங்கள்.

வீடுதான் இரண்டு ஊரிலும் உண்மையான பரீட்சை.

லண்டனில் பணம் இருந்தால் வீடு கிடைக்கும். பல்கலைக்கழக விடுதி வாரம் 200 முதல் 350 பவுண்டு வரை. தனியார் வீட்டில் ஓர் அறை, இரண்டாம் மூன்றாம் மண்டலத்தில், மாதம் 800 முதல் 1,100. தமிழ் மாணவர்கள் ஈஸ்ட் ஹாமில் குவிவதற்குத் தமிழ்க் கடைகளும் முருகன் கோயிலும் மட்டும் காரணமில்லை. ஈஸ்ட் ஹாம் நிலையத்திலிருந்து டிஸ்ட்ரிக்ட் ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் டெம்பிள் (கிங்ஸ், எல்.எஸ்.இ.), சவுத் கென்சிங்டன் (இம்பீரியல்), ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி ரயிலில் ஏறினால் யூஸ்டன் ஸ்கொயர் (யு.சி.எல்.) என்று கல்லூரிகளுக்கு அருகிலேயே இறங்கலாம். மாணவர் ஆய்ஸ்டர் பயண அட்டையில் மாதப் பாஸுக்கு 30 சதவீதம் தள்ளுபடி உண்டு, ஆனால் அன்றன்று தட்டிச் செல்லும் கட்டணத்துக்குக் கிடையாது. வாரம் மூன்று நாள்தான் வகுப்பு என்றால் பாஸ் எடுப்பது நட்டமாகவும் முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லண்டனில் சிக்கல் ஜாமீன்தாரர். பிரிட்டனில் வசிக்கும், நல்ல வருமானமுள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். ஆள் இல்லாதவர்கள் இதுவரை ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கட்டிச் சமாளித்தார்கள். இங்கிலாந்தின் புதிய வாடகைதாரர் சட்டப்படி 2026 மே 1 முதல், குடிவருமுன் ஒரு மாதத்துக்கு மேல் வாடகை கேட்கவோ வாங்கவோ கூடாது. வாடகைதாரருக்கு நல்லது செய்ய வந்த சட்டம், ஜாமீன் இல்லாத வெளிநாட்டு மாணவருக்கு இருந்த ஒரே குறுக்குவழியை அடைக்கிறது. மிஞ்சுவது கட்டணம் வாங்கி ஜாமீன் நிற்கும் நிறுவனம், அல்லது முதல் ஆண்டு விடுதி. விடுதியே உத்தமம். தனி வீடு என்றால் முன்பணம் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது; கட்டிய 30 நாளுக்குள் அதை அரசு ஒப்புதல் பெற்ற காப்புத் திட்டத்தில் போட வேண்டும். கையெழுத்தில்லாமல் ரொக்கத்துக்கு அறை தருபவர்களிடம் இந்த இரண்டும் கிடைக்காது. முகவரிச் சான்றும் கிடைக்காது. இன்னொன்று: முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி (உள்ளாட்சி வீட்டு வரி) இல்லை. வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் உடன் தங்கினால் அந்த வீட்டுக்குப் பில் வந்துவிடும். யார் கட்டுவது என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

மியூனிக்கில் பணம் இருந்தும் வீடு கிடைக்காது. ஜெர்மனியில் மாணவர் அறைக்கு மிக விலை உயர்ந்த ஊர் இதுதான்; பகிர்வு வீட்டில் ஓர் அறை சராசரியாக 800 யூரோவை ஒட்டி நிற்கிறது. மாணவர் சேவை நிறுவனத்தின் விடுதிகள் இதில் பாதி விலைதான், ஆனால் காத்திருப்பு பருவக் கணக்கில் ஓடும். ஃப்ரைமானில் உள்ள பெரிய மாணவர் குடியிருப்பான ஷ்டுடெண்டன்ஷ்டாட்டில் 2021 தீ விபத்துக்குப் பின் உயரமான கட்டிடங்கள் மூடப்பட்டது பட்டியலை இன்னும் நீளமாக்கியது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே பதியுங்கள். கிடைக்காது என்று நினைத்தாலும் பதியுங்கள், இரண்டாம் ஆண்டுக்காவது உதவும். ‘டம்’மின் கணினி, கணிதம், இயற்பியல், இயந்திரவியல் வகுப்புகள் நகருக்கு வெளியே கார்ஹிங்கில் நடப்பதால் யு6 ரயில் தடத்தை ஒட்டித் தேடுவது புத்திசாலித்தனம்.

வீடு இல்லையென்றால் அங்கே மற்றதெல்லாம் நின்றுவிடும் என்பதுதான் கனமான விஷயம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், ‘அன்மெல்டுங்’ என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. குறுகிய காலத் தங்குமிடங்களில் பெரும்பாலும் அதைத் தருவதில்லை. பதிவு இல்லையென்றால் வரி எண் தபாலில் வராது. வரி எண் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி, அதாவது மிக அதிகமான பிடித்தம். தங்கும் அனுமதிக்கும் அந்தப் பதிவே அடிப்படை. ஆகவே ‘முகவரிப் பதிவு செய்ய முடியுமா?’ என்பதை வாடகை எவ்வளவு என்பதற்கு முன்னாலேயே கேளுங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது குளிர்வாடகையா, வெப்பம் தண்ணீர் சேர்ந்த சூடான வாடகையா என்பது அடுத்த கேள்வி. முன்பணம் அதிகபட்சம் மூன்று மாதக் குளிர்வாடகை. அதை மூன்று தவணையில் கட்டச் சட்டமே உரிமை தருகிறது, யாரும் வலியச் சொல்ல மாட்டார்கள். வெறும் வீடு என்றால் அடுக்களை மேடைகூட இருக்காது. ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்று வரும் மின்னஞ்சல்கள் அத்தனையும் மோசடி.

ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு பற்றிச் சுருக்கமாக: 30 வயதுக்குள் இருந்தால் அரசு சார்ந்த காப்பீடு மாதம் சுமார் 150 யூரோ, தாண்டிவிட்டால் மாணவர் கட்டணம் கிடையாது, பட்ஜெட் மாறும்.

வேலை விஷயத்தில் மியூனிக் ஒரு படி மேல், மொழி என்ற ஒன்று இல்லாவிட்டால். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழக உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது. படிப்புத் துறையிலேயே வாரம் 20 மணி நேரம் பார்க்கும் ‘வெர்க்ஷ்டுடென்ட்’ வேலை கிடைத்தால் இரண்டாம் ஆண்டு செலவின் பெரும்பகுதியை அதுவே தாங்கும், படிப்பு முடியும்போது ஓராண்டு அனுபவமும் இருக்கும். லண்டனிலும் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். எம்.எஸ்சி. மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, கோடையை விடுமுறை என்று நினைத்து முழுநேர வேலைக்குப் போவது. ஆய்வேடு எழுதும் ஜூன் முதல் செப்டம்பர் வரை முதுகலைக்குப் பருவ காலமே. மீறினால் விசாவே போகும். போதாக்குறைக்கு, பெரிய நிறுவனங்கள் புதிய பட்டதாரிகளை எடுக்கும் விண்ணப்பம் செப்டம்பர் முதல் நவம்பருக்குள் ஓடி முடியும். விமானத்திலிருந்து இறங்கிய மாதமே வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். விவரக்குறிப்பை ஊரிலேயே தயார் செய்துகொண்டு போங்கள்.

படிப்புக்குப் பிந்தைய காலம் இரண்டு இடத்திலும் இப்போது ஒன்றாகிவிட்டது. பிரிட்டனின் பட்டதாரி விசா 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். 2026 செப்டம்பரில் சேர்பவர்கள் இதில்தான் வருவார்கள். ஜெர்மனியிலும் வேலை தேட 18 மாதம். ஆனால் பிரிட்டனில் அந்த விசாவுக்கே கட்டணமும் மருத்துவக் கட்டணமும் சேர்ந்து 2,400 பவுண்டுக்கு மேல் ஆகும், அதுவும் படிப்பு முடிந்து கை காலியாக இருக்கும் மாதத்தில். அதன்பின் வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசிடம் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனம் வேண்டும். சம்பளம் புதியவர்களுக்குக் குறைந்தது 33,400 பவுண்டு, பணியைப் பொறுத்து வரம்பு இன்னும் உயரும். ஜெர்மனியில் நிறுவனத்துக்கு அப்படி உரிமம் தேவையில்லை. 2026-இல் புதிய பட்டதாரிக்கு நீல அட்டை (பட்டம் பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) சம்பள வரம்பு ஆண்டுக்கு 45,934 யூரோ. பி1 (நடுத்தர) அளவு ஜெர்மன் தெரிந்தால் நீல அட்டையில் 21 மாதத்தில் நிரந்தரத் தங்குரிமை. பிரிட்டனோ அந்த உரிமைக்கான ஐந்தாண்டைப் பத்தாண்டாக்கும் திட்டத்தை 2025 மே மாத வெள்ளை அறிக்கையிலேயே சொல்லிவிட்டது.

எனவே, ஓராண்டில் படித்து முடித்து ஊர் திரும்ப நினைப்பவருக்கும், கடன் முழுவதையும் முதல் நாளே ஏற்பாடு செய்ய முடிந்தவருக்கும் லண்டன் பொருந்தும். அங்கேயே வேலை பார்த்துத்தான் கடனை அடைக்க வேண்டும் என்றால் மியூனிக். அதுவும் கட்டணமில்லாத படிப்பில் இடம் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். 40 லட்சம் கடனோடு லண்டன் போய், 18 மாதத்தில் ஸ்பான்சர் கிடைத்துவிடும் என்று நம்புவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான திட்டம்.

திருமணமானவர்கள் கவனிக்க: 2024 ஜனவரி முதல் பாடவழி முதுகலை மாணவர்கள் பிரிட்டனுக்குத் துணையை அழைத்துப்போக முடியாது. ஜெர்மனியில் சட்டம் இடம் தருகிறது, ஆனால் இருவருக்குமான வருமானமும் போதிய இடமுள்ள வீடும் காட்ட வேண்டும், துணைக்குப் பொதுவாக ஏ1 (தொடக்கநிலை ஜெர்மன் மொழி) சான்றிதழும் கேட்பார்கள். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் அந்தத் தேர்வுக்கான இடங்கள் திறந்த வேகத்தில் நிரம்பிவிடும். போகிறவரும் துணையும் ஒரே நேரத்தில் பதிந்துவிடுங்கள்.