முதல் ரியோகான் இரவு: ஹகோனேயா, குசாட்சுவா, கினொசாகியா?

ஜப்பானுக்குக் கிளம்புகிறவர்கள் வெந்நீரூற்று ஊரில் ரியோகான், அதாவது ஜப்பானியப் பாரம்பரிய விடுதி, தேடும்போது முதலில் பார்ப்பது அறையின் படம்தான். மரத்தொட்டி, ஆவி பறக்கும் தண்ணீர், பின்னால் மலை. படத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: குளிக்கும் இடம் எங்கே இருக்கிறது? அறைக்குள்ளா, விடுதிக்குள்ளா, ஊருக்குள்ளா? அந்த இரவு எப்படி இருக்கும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அறையின் அழகும் அலங்காரமும் அதற்கு அப்புறம்தான்.

எல்லோரும் கேட்கிற மூன்று ஊர்களை இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்க்கலாம். டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஹகோனே, குன்மா மாகாணத்து மலையில் குசாட்சு, ஜப்பான் கடலோரம் ஹியோகோ மாகாணத்தில் கினொசாகி. என் தேர்வை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் முறை ரியோகானில் தங்குகிறவர்களுக்குக் கினொசாகி, தண்ணீருக்காகவே போகிறவர்களுக்குக் குசாட்சு. ஹகோனே வசதிக்காக. ஆனால் இதில் சிக்கல்கள் உண்டு, முக்கியமாகச் சாப்பாட்டில்.

முதலில் மூன்றுக்கும் பொதுவான விஷயங்கள். ரியோகான் கட்டணம் பெரும்பாலும் அறைக்கு இல்லை, ஆளுக்கு. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதிலேயே சேர்ந்திருக்கும். அதனால் அதை ஓட்டல் வாடகையோடு அப்படியே ஒப்பிட்டு "இவ்வளவு விலையா" என்று மலைக்க வேண்டாம். மாலை 3 மணி வாக்கில் உள்ளே விடுவார்கள், 6 மணியிலிருந்து சாப்பாடு. சாப்பாடு அறையிலேயே வரும் இடமும் உண்டு, தனிக்கூடம் இருக்கும் இடமும் உண்டு. நீங்கள் சாப்பிடும் நேரத்தில் பணிப்பெண் வந்து தத்தாமிப் பாயின் மேல் மெத்தையை விரித்துவிடுவார். மறுநாள் காலை 10 மணிக்குள் காலி செய்ய வேண்டும். ஆக, ராத்திரி 8 மணிக்கு வந்து இறங்கினால் நீங்கள் கொடுத்த காசில் பாதிக்கு மேல் வீண். ஒரே நாளில் மூன்று கோயில், ஒரு கோட்டை என்று பார்த்து முடித்துவிட்டு ரியோகானுக்கு ஓடுகிற திட்டத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

சரி, ஹகோனே. ஷின்ஜுகுவிலிருந்து ரொமான்ஸ்கார் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஹகோனே-யுமோட்டோ வந்துவிடும். அதற்கு ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் செல்லாது, பாஸ் வைத்திருப்பவர்கள் ஒடவாரா வரை ஜே.ஆரில் வந்து அங்கே மாற வேண்டும். யுமோட்டோவிலிருந்து மலை ரயில் முன்னும் பின்னுமாகத் திசை மாற்றி மாற்றி ஏறுகிறது, பிறகு கேபிள் கார், ரோப்வே, கந்தகப் புகை கக்கும் ஓவாகுதானி, ஆஷி ஏரி, வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி. இவ்வளவும் ஒரே வட்டத்தில் கிடைப்பதுதான் ஹகோனேயின் பலம். அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. விடுதிகள் ஒரு பெரிய எரிமலைப் பள்ளத்துக்குள் பல குக்கிராமங்களாகச் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ராத்திரியில் நடந்து போக வழியில்லை, எனவே விடுதிக்குள் நுழைந்துவிட்டால் அன்றைக்கு உங்கள் உலகம் அந்த விடுதிதான். அது நல்ல விடுதியாக இருந்தால் கவலையில்லை. சுமாரான விடுதி என்றால் தப்பிக்க இடமில்லை.

அறையோடு சேர்ந்த சொந்த வெந்நீர்த் தொட்டிக்கு ஹகோனேதான் பேர்போனது. நம்மில் பலருக்கு அதில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பொதுக் குளியலில் துணி எதுவும் இல்லாமல்தான் இறங்க வேண்டும், நீச்சலுடை கூடாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி என்றாலும் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் அப்படி நிற்பதை நினைத்தாலே பலருக்குக் கூச்சம். ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள்: குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பை முழுக்கக் கழுவுகிறார்கள், சின்னத் துண்டை மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறார்கள், கண்ணை மூடிக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும். சொந்தத் தொட்டிக்காக இரண்டு மடங்கு கொடுக்கும் முன், விடுதியில் கஷிகிரி இருக்கிறதா என்று கேளுங்கள். அது குடும்பத்தோடு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்ளும் தனிக் குளியலறை, பெரும்பாலும் முக்கால் மணி நேரக் கணக்கில் தருவார்கள், சில இடங்களில் இலவசம். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், வயதான அம்மாவைக் கைபிடித்து இறக்க வேண்டியவர்களுக்கும் அதுதான் சரியான வழி.

ஹகோனேயின் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். யுமோட்டோவில் தெளிந்த, லேசான காரத்தன்மையுள்ள நீர். மேலே கோரா, செங்கொகுஹாரா பக்கம் பால்போல் வெளுத்த நீர் தரும் விடுதிகள் உண்டு. அதில் பெரும்பகுதி ஓவாகுதானியில் எரிமலை ஆவியோடு தண்ணீரைக் கலந்து உண்டாக்கிக் குழாய் வழியாகக் கீழே அனுப்புவது. அது ஏமாற்று வேலை கிடையாது, எரிமலைச் சத்து அதில் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் "எங்கள் வாசலிலேயே ஊறுகிறது" என்று கற்பனை செய்துகொண்டு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

தண்ணீர் என்று பேச ஆரம்பித்தால் குசாட்சுவைத் தாண்டி எனக்கு வேறு ஊர் கிடையாது. ஊர் நடுவிலேயே யுபதாகே, வெந்நீர் வயல், மரக்கால்வாய்கள் வழியாகப் புகைந்துகொண்டு ஓடுகிறது. குசாட்சு ஊற்றுகளில் தானாகப் பொங்கும் நீர் மட்டும் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கும் மேல், ஜப்பானிலேயே அதிகம். நல்ல அமிலம்; யுபதாகே நீரின் பி.எச். அளவு 2-ஐ ஒட்டி இருக்கும். கண்ணில் பட்டால் எரியும், சிறு கீறல் இருந்தாலும் சுரீர் என்று இருக்கும், வெள்ளிக் கொலுசோ மோதிரமோ போட்டுக்கொண்டு இறங்கினால் கந்தகத்தில் கறுத்துவிடும், கழற்றிவைத்துவிட்டுப் போங்கள். சூடும் அதிகம். பச்சைத் தண்ணீர் கலந்தால் மருந்தின் வீரியம் போய்விடும் என்று, ஆளுயரப் பலகைகளை வைத்து நீரைக் கிளறிக் கிளறி ஆறவைக்கும் யுமோமி என்ற பழக்கம் இங்கே பிறந்தது. இன்றைக்கும் நெட்சுனோயு கூடத்தில் பெண்கள் வரிசையாக நின்று பாடிக்கொண்டே கிளறிக் காட்டுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜப்பான் அரசவை மருத்துவராக இருந்த ஜெர்மானியர் எர்வின் பெல்ஸ் இந்த ஊரின் நீரையும் காற்றையும் கொண்டாடி மேலைநாடுகளுக்கு எடுத்துச் சொன்னவர்.

இங்கே தண்ணீரைப் பற்றிய ஒரு பொதுத் தகவலும் உதவும். ஜப்பானில் ஒன்சென், அதாவது இயற்கை வெந்நீரூற்று, என்று சொல்லிக்கொள்ள 1948-ஆம் ஆண்டின் சட்டம் வைத்த வரம்பு மிகத் தளர்வானது: நிலத்திலிருந்து வரும்போது 25 டிகிரி சூடு, அல்லது பட்டியலில் உள்ள 19 வேதிப்பொருள்களில் ஏதாவது ஒன்று குறிப்பிட்ட அளவு. இரண்டில் ஒன்று இருந்தால் போதும். அதற்கு மேல் நீரைச் சூடாக்கலாம், வடிகட்டித் திரும்பச் சுழற்றலாம், குளோரின் போடலாம். 2004-இல் நாகனோ மாகாணத்து ஷிராஹோனேயில் சில இடங்களில் நீரை வெளுப்பாக்கப் பொடி கலந்தது வெளியாகி நாடே கொதித்தது. அடுத்த ஆண்டிலிருந்து தண்ணீர் சேர்த்தாலும் சூடேற்றினாலும் சுழற்றினாலும் குளிப்பவர் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்று விதி வந்தது. ஊற்றிலிருந்து நேராக வந்து வழிந்தோடும் நீருக்கு கென்சென் காகெனகாஷி என்று பெயர், விடுதியின் இணையதளத்தில் இந்தச் சொல்லைத் தேடுங்கள். குசாட்சுவில் இது சாதாரணம்.

கினொசாகியோ இதில் பின்தங்கிவிடுகிறது. ஊரே ஊற்றுகளைப் பொதுவில் சேகரித்துக் குழாய் வழியாகப் பங்கிடுகிறது, அதனால் எங்கே குளித்தாலும் அதே உப்புச் சுவை நீர்தான், பொதுக் குளியல்களில் சுழற்சியும் குளோரினும் உண்டு. தண்ணீரை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் கினொசாகி மூன்றாவது இடம். இருந்தும் முதல் முறை போகிறவர்களை அங்கேதான் அனுப்புகிறேன், காரணம் அந்த ஊர் குளியலைத் தெருவில் வைத்திருக்கிறது. கோனோயு, மந்தாராயு, கோஷோனோயு, இச்சினோயு என்று ஊர் முழுக்க ஏழு பொதுக் குளியல்கள். விடுதியில் தங்குகிறவர்களுக்கு அத்தனைக்கும் போய்வர அனுமதிச் சீட்டை விடுதியே தந்துவிடுகிறது. யுகாட்டா என்ற பருத்தி அங்கியை உடுத்தி, மரச்செருப்பு மாட்டி, துண்டுப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடைக்கரை வில்லோ மரங்களுக்குக் கீழே ஒரு குளியலிலிருந்து அடுத்ததற்கு நடக்கிறீர்கள். எதிரே வரும் அத்தனை பேரும் அதே கோலத்தில்தான் இருக்கிறார்கள். யுகாட்டாவின் இடது பக்கம்தான் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. பச்சை குத்தியவர்களைப் பல ஒன்சென்கள் உள்ளே விடுவதில்லை, கினொசாகிப் பொதுக் குளியல்களில் அந்தத் தடை கிடையாது.

ஊர் இப்படி அமைந்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1925 மே மாதம் நிலநடுக்கமும் தீயும் ஊரையே அழித்துவிட்டன. திரும்பக் கட்டிக்கொண்டிருந்தபோது, 1927-இல் ஒரு விடுதி தன் விருந்தினர்களுக்கென்று உள்ளேயே குளியல் அமைத்தது. வெந்நீர் ஊருக்குப் பொது, அதை எப்படி ஒரு வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்று ஊர் எதிர்த்து நின்றது. வழக்கு 1950 வரை இழுத்தது. கடைசியில் விடுதிக்குள் குளியல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அளவாக, தெருவின் குளியல்கள்தான் பிரதானம் என்று சமாதானம் ஆனது. இன்றைக்கும் கினொசாகியில் நல்ல விடுதியில்கூட உள்குளியல் சின்னதாக இருந்தால் குறைசொல்லாதீர்கள், அது வேண்டுமென்றே அப்படி. இந்த ஊரை நான் விரும்புவதற்கு இந்த வழக்கு ஒரு பெரிய காரணம். சின்ன விடுதியில் தங்கினாலும் பெரிய விடுதியில் தங்கினாலும் குளிப்பது ஒரே தண்ணீரில், ஒரே தெருவில். பணம் குறைவாக இருப்பவர் ஹகோனேயில் மலிவான விடுதி எடுத்தால் மலிவான குளியல்தான் கிடைக்கும். கினொசாகியில் அப்படி இல்லை.

குசாட்சுவிலும் தெருவில் இறங்க வழி உண்டு. ஷிராஹாதானோயு மாதிரி ஊர்க்காரர்கள் பராமரிக்கும் சின்னக் குளியல்களில் வெளியூர்க்காரர்களும் காசில்லாமல் குளிக்கலாம், ஆனால் அங்கே சோப்புப் போட வசதி இருக்காது, சூடும் முதல் முறை வருகிறவரைத் துள்ள வைக்கும். விடுதியில் குளித்துப் பழகிவிட்டு அங்கே போங்கள்.

இனி சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்று ஊருமே சுலபமில்லை. மீனையும் கறியையும் எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், பிரச்சினை தாஷியில் இருக்கிறது. சூப், வேகவைத்த காய்கறி, முட்டைக் கூழ் என்று எல்லாவற்றுக்கும் அடியில் காய்ந்த கட்சுவோ மீன் சாறு ஓடும். "காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது, மீன் தாஷியும் கூடாது என்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்க வேண்டும், போய் இறங்கியபின் கேட்டால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. வெளிநாட்டவர் அதிகம் வருவதால் ஹகோனேயில் இதற்கு ஒத்துக்கொள்ளும் விடுதிகள் கிடைக்கின்றன. கினொசாகியின் பெருமையே மட்சுபா நண்டும் தாஜிமா மாட்டிறைச்சியும்தான், அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அது திருவிழா, சைவக்காரர்கள் சாப்பாடில்லாத சுதோமாரி கட்டணத்தில் தங்கி வெளியே பார்த்துக்கொள்வதே நிம்மதி. கண்டிப்பான சைவம் என்றால் நான் ஊரையே மாற்றச் சொல்வேன்: கோயாசான் மலையில் கோயில் விடுதிகள். புத்தத் துறவிகளின் ஷோஜின் உணவில் மீனும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது, சாறுகூடக் கடற்பாசியிலும் காளானிலும்தான். பெரும்பாலான கோயில் விடுதிகளில் குளிப்பது சாதாரண வெந்நீர், ஃபுகுச்சி-இன் கோயிலில் மட்டும் இயற்கை ஒன்சென் இருக்கிறது.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குசாட்சுவில் ரயில் நிலையம் இல்லை. உவேனோவிலிருந்து நாகனோஹாரா-குசாட்சுகுச்சி வரை ரயில், அங்கிருந்து அரை மணி நேரத்துக்குள் பஸ், அல்லது ஷின்ஜுகுவிலிருந்து நேரடி பஸ் நாலு மணி நேரம். கினொசாகிக்குக் கியோட்டோவிலிருந்தோ ஒசாகாவிலிருந்தோ இரண்டரை மணி நேரத்தை ஒட்டி நேரடி விரைவு ரயில்கள், ஜே.ஆர். பாஸும் கன்சாய் வைட் பாஸும் செல்லும். டோக்கியோவை விட்டு நகராத பயணம் என்றால் கினொசாகியை மறந்துவிட்டுக் குசாட்சு போங்கள். ஒரே ஒரு நாள்தான் கையில், கூடவே சின்னக் குழந்தைகள் என்றால் ஹகோனே, கஷிகிரி உள்ள விடுதியாகப் பார்த்து.

கினொசாகி என்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை நண்டுக் காலம், விலை ஏறும், சனிக்கிழமை அறை கிடைப்பது கடினம், பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். நண்டு தேவையில்லை என்றால் ஏப்ரலிலோ அக்டோபரிலோ வாரநாளாகப் பார்த்துப் போங்கள். ஏழு குளியல்களுக்கும் வெவ்வேறு வாரவிடுமுறை, பராமரிப்புக்காகச் சில நீண்ட நாள் மூடியும் கிடக்கும். நீங்கள் போகும் நாளில் எவையெவை திறந்திருக்கும் என்று விடுதியிடம் கேட்டுவிட்டுத் தேதியைப் போடுங்கள், கோஷோனோயுவும் கோனோயுவும் திறந்திருந்தால் அந்தத் தேதியை எடுத்துக்கொள்ளலாம்.